சேப்பாக்கத்தில் எழுதிய புரோநோட்டு

எங்கள் ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம். 1987-இல் அப்பா கிணற்றுக்கு மோட்டார் போட உள்ளூர்க்காரர் ஒருவரிடம் 10,000 ரூபாய் கடன் வாங்கினார். மூணு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம்தான். அதற்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் காலாவதி ஆகிவிடும். அதனால் 1990-இல் மூன்றாவது வருடம் முடிய பத்து நாள் இருக்கும்போது கடன் கொடுத்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். “என்னப்பா, நோட்ட மாத்தி எழுதிடலாமா?” என்றார். “சரிங்க ஐயா” என்றார் அப்பா.

ரெவின்யூ ஸ்டாம்பு வாங்கி வர என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி, கையெழுத்தின் பாதி ஸ்டாம்பிலும் பாதி காகிதத்திலும் விழும்படி நிதானமாகப் போட்டார். மூன்று வருடத்து வட்டி 10,800. அதில் அப்பா அவ்வப்போது கொடுத்தது 4,800. மீதி 6,000. அதை அசலோடு சேர்த்துப் புது நோட்டு 16,000-க்கு எழுதப்பட்டது. கடன் கொடுத்தவர் பழைய நோட்டை நாலாகக் கிழித்து அப்பா கையில் கொடுத்தார். அம்மா அதை வாங்கி அடுப்பில் போட்டாள். அந்த 16,000-இல் 6,000 ரூபாயை அப்பா கண்ணாலும் பார்த்ததில்லை. ஆனால் அன்று முதல் அதற்கும் மூணு வட்டி.

பிற்பாடு கணக்குத் தணிக்கையே என் பிழைப்பு ஆயிற்று. நாடுகள் கடன்பட்ட வரலாற்றைப் படிக்கும் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவோ படித்திருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது நம் ஊர்க் கதை ஒன்றில்தான். ஆற்காட்டு நவாபின் கடன். லண்டன் நாடாளுமன்றம் வரை போன விவகாரம். சென்னையில் சேப்பாக்கத்தில் எழுதின பத்திரங்கள், தஞ்சாவூர் வயலில் நின்ற பயிர், பாஞ்சாலங்குறிச்சியில் கேட்ட கிஸ்தி எல்லாம் ஒரே கணக்கில் வந்து சேர்கிற கதை. நம் பள்ளிப் பாடத்தில் கட்டபொம்மன் வருகிறார், கர்நாடகப் போர்கள் வருகின்றன. இரண்டையும் இணைக்கிற கடன் மட்டும் வருவதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடிப்போய்க் கோட்டைக்குள் இருந்துகொண்டார். எதிரே நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு, அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். முகம்மது அலிக்குப் பின்னால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தது, சந்தா சாகிபு வீழ்ந்தது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது கம்பெனியின் பேரேடு. கம்பெனி ஒரு வியாபாரக் கூட்டு. அது யாருக்காகவும் சும்மா சண்டை போடாது. சிப்பாய்க்குக் கொடுத்த சம்பளம், பீரங்கிக்குப் போட்ட மருந்து, மாட்டுவண்டி வாடகை எல்லாம் முகம்மது அலியின் பற்று வரவில் பற்றாக ஏறியது. 1760-61-இல் புதுச்சேரியை முற்றுகையிட்ட செலவும் அவர் தலையில்தான் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்களை விரட்டியது கம்பெனிக்குத்தான் பெரிய லாபம். செலவு மட்டும் நவாபுக்கு.

போர் முடிந்ததும் கம்பெனி பணத்தைக் கேட்டு நெருக்கியது. நவாபிடம் ரொக்கம் இல்லை. அப்போது கம்பெனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுக்க முன்வந்தார்கள். பகலில் கோட்டையில் உட்கார்ந்து ‘பாக்கியைக் கட்டு’ என்று கடிதம் எழுதுகிறவரே, மாலையில் நவாபிடம் வந்து ‘கட்டுவதற்கு நான் தருகிறேன், பத்திரம் எழுது’ என்பார். ஆரம்பத்தில் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம் வரை போயிருக்கிறது. அதே மூணு வட்டி. இதை முதலில் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்து அரசு எப்படிக் கடன் வாங்கியது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 1694-இல் பிரான்சோடு நடந்த போருக்கு அந்த அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. வியாபாரிகளும் பணக்காரர்களும் சேர்ந்து 12 லட்சம் பவுண்டு திரட்டி 8 சதவீத வட்டிக்குக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இங்கிலாந்து வங்கி. அந்தக் கடனுக்கு ஈடாக நின்றது அரசரின் வாக்கு மட்டும் இல்லை. இன்ன வரி இந்த வட்டிக்கு என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒதுக்கியது. அரசர் மாறினாலும் கடன் மாறாது, கணக்கு சபையில் வைக்கப்படும் என்ற நம்பிக்கை வந்ததும் வட்டி இறங்கிக்கொண்டே போனது. 1751-இல் பழைய கடன்கள் பலவற்றை ஒன்றாகத் திரட்டி ‘கன்சல்’ என்ற பத்திரமாக மாற்றியபோது வட்டி வெறும் 3 சதவீதம். லண்டனில் வருடத்துக்கு 3, சென்னையில் மாதத்துக்கு 3. இரண்டு இடத்திலும் கடன் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். ஒரு பக்கம் கடன் வாங்கியவர் கணக்கு கேட்கிற சபைக்குக் கட்டுப்பட்டவர். இன்னொரு பக்கம் கடன் வாங்கியவரைச் சுற்றிக் காவலுக்கு நிற்கிற படையே கடன் கொடுத்தவருடைய முதலாளியின் படை.

நவாப் ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கே வந்துவிட்டார். 1768 வாக்கில் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டினால் வந்துவிடும். கடன்காரர்களுக்கு வசதியான தூரம். இந்தச் சமயத்தில்தான் முதல் தடவை ‘நோட்டு மாற்றி’ எழுதினார்கள். 1767-இல் பழைய கடன்கள் எல்லாவற்றையும் வட்டியோடு கூட்டி ஒரே கடனாக்கினார்கள். பிற்பாடு லண்டனில் சொல்லப்பட்ட கணக்கின்படி 8,80,000 பவுண்டு, 10 சதவீத வட்டி. வட்டி குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் 36-க்கும் 25-க்கும் ஏறின வட்டி முழுவதும் அசலாக உள்ளே போய்விட்டது. அந்த அசலில் கையில் வாங்கின பணம் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

நவாப் பணமாகத் திருப்பித் தரவில்லை, தரவும் முடியவில்லை. அதற்குப் பதில் இன்ன சீமையின் நில வருமானம் இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்தார். சீமையைக் குத்தகைக்கு எடுத்தவன் முன்பணத்துக்குச் சவுகாரிடம் போனான். சவுகாரும் வட்டி போட்டான். ஆங்கிலேயரின் துபாஷிகள், அதாவது அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்தவர்கள், நடுவில் நின்று தங்கள் பணத்தையும் கலந்து விட்டார்கள். இத்தனை பேருக்கும் சேர வேண்டியதைக் கடைசியில் களத்துமேட்டில் அளந்து கொடுத்தவன் குடியானவன். நெல் அறுக்கும் முன்பே அது யாருக்கு என்று முடிவாகியிருக்கும். அவனுக்குச் சேப்பாக்கம் எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது.

கையிலுள்ள சீமைகள் போதாமல் போனபோது பார்வை தஞ்சாவூர் பக்கம் திரும்பியது. 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்து, மராட்டிய அரசர் துளஜாவைச் சிறை வைத்தார். காவிரிப் பாசனத்து நெல் முழுவதும் கைக்கு வந்தது. உடனே அதன்மேலும் பத்திரங்கள் எழுதப்பட்டன. விஷயம் லண்டனுக்குப் போய், கம்பெனி இயக்குநர்கள் தஞ்சாவூரை அரசரிடமே திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட்டு, அதை நிறைவேற்ற ஜார்ஜ் பிகட்டைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776-இல் பிகட் நேரில் போய் அரசரை மீண்டும் அமர்த்தினார்.

இங்கேதான் பால் பென்ஃபீல்டு வருகிறார். கம்பெனியில் கீழ்நிலை ஊழியர், ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டு. அவர் எழுந்து, தஞ்சாவூர் வருமானத்தின்மேல் நவாப் எனக்கு 1,62,000 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், அதோடு வயலில் நிற்கும் பயிரின்மேல் தனியாக 72,000 பவுண்டு கொடுத்திருக்கிறேன், அரசர் திரும்பி வந்தாலும் அந்தப் பயிர் என்னுடையதுதான் என்றார். பெரிய தொகை இது. சில நூறு பவுண்டு சம்பளக்காரரிடம் எங்கிருந்து வந்தது? ரசீது எங்கே? பிகட் இதைத்தான் கேட்டார். கவர்னரோடு சேர்ந்து முடிவெடுக்கும் கவுன்சில் முதலில் அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. அப்புறம் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தது. கடன் கொடுத்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் கவுன்சிலிலேயே இருந்தார்கள்.

பிகட் விட்டுக்கொடுக்கவில்லை. 1776 ஆகஸ்டு 24 அன்று மாலை வண்டியில் போய்க்கொண்டிருந்தவரை வழியிலேயே நிறுத்திக் கைது செய்தார்கள். அதே வண்டியில் அவரோடு உட்கார்ந்து வந்த கர்னல் ஸ்டூவர்ட்டுக்கு இந்தத் திட்டம் முழுவதும் தெரியும். கவர்னர் பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். பிகட்டுக்கு வேறு கணக்குகளும் இருந்திருக்கலாம். அவரைத் தியாகி ஆக்குவது என் எண்ணம் இல்லை. ஆனால் ஒரு கடன் பத்திரத்துக்கு ஆதாரம் கேட்ட கவர்னரையே தூக்கி உள்ளே வைக்கும் அளவுக்குக் கடன்காரர்களின் கை ஓங்கியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பேரேடும் காட்டாது.

பிகட் இல்லாத 1777-இல் மறுபடியும் நோட்டு மாற்றினார்கள். இந்தத் தடவை 24 லட்சம் பவுண்டு, 12 சதவீதம். அதே சமயத்தில் குதிரைப்படைக் கடன் என்று ஒன்று. நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, அதைக் கொடுக்க டெய்லர், மெஜென்டி, கால் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் 1,60,000 பவுண்டு தருகிறோம் என்றார்கள். எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிற்பாடு லண்டன் நாடாளுமன்றத்தில் விவரித்தபடி, அவர்கள் ரொக்கமே தரவில்லை. வீரர்களுக்கு நாலு மாதத் தவணையில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நவாபிடமிருந்து சீமைகளின் வருமானத்தை உடனே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வசூலித்த பணத்திலிருந்தே வீரர்களுக்கு மெல்ல மெல்லக் கொடுத்தார்கள். நாலு மாதத் தவணை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. சுருக்கமாகச் சொன்னால், நவாபின் பணத்தையே நவாபுக்குக் கடனாகக் கொடுத்து, அதற்கு வட்டியும் வாங்கினார்கள். என் தொழிலில் எத்தனையோ போலிக் கணக்கு பார்த்திருக்கிறேன். இவ்வளவு துணிச்சலானது ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை.

1780-இல் ஹைதர் அலி மலையிறங்கி வந்தார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கம்பெனிப் படை நொறுங்கிப்போனது. கர்நாடகச் சீமை முழுவதும் ஊர் ஊராக எரிந்தது, ஆடு மாடு போயிற்று, ஜனங்கள் சென்னைக் கோட்டை மதிலை நோக்கி ஓடி வந்தார்கள். அத்தனைக்கும் பிறகு கடன் பத்திரம் மட்டும் பத்திரமாக இருந்தது. போர் முடிந்ததும் வட்டியோடு மேலே வந்தது.

1784-இல் பிரதமர் பிட்டின் இந்தியச் சட்டம் கம்பெனியைக் கண்காணிக்க லண்டனில் ஒரு வாரியம் அமைத்தது. நவாபின் கடன் எப்படி உண்டானது என்று விசாரிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. வாரியத்தில் பிட்டின் நண்பர் ஹென்றி டண்டாஸின் கை ஓங்கியிருந்தது. விசாரணை இல்லாமலேயே மூன்று கடனும் செல்லும், நவாப் ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவு போனது. அன்றைய மதிப்பில் 4,80,000 பவுண்டு. பென்ஃபீல்டு இதற்குள் ஒரு தடவை நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்துவிட்டார். அவர் தன் பணத்தில் எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்று பர்க் சபையிலேயே குற்றம் சாட்டினார்.

1785 பிப்ரவரி 28. அந்த ஆவணங்களைச் சபையில் வைக்கும்படி எதிர்க்கட்சி கேட்டது. அரசு மறுத்தது. பர்க் எழுந்து மணிக்கணக்கில் பேசினார். அதே மாதம்தான் கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸ் பதவியை விட்டு இறங்கி ஜான் மேக்ஃபர்சன் தற்காலிகக் கவர்னர் ஜெனரல் ஆகியிருந்தார். அவர் ஒரு காலத்தில் இதே நவாபின் ஆளாக லண்டனுக்குப் போய் வந்தவர். கடன் எங்கெல்லாம் கை நீட்டியிருந்தது என்று பாருங்கள்.

பர்க்கின் அந்தப் பேச்சைப் படிக்கும்போது நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று வந்தது. கடன், வட்டி, பத்திரம் என்று போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நம் ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார். இந்த நாட்டில் ஆறுகள் வருடம் முழுவதும் ஓடாது, மழை ஒரு பருவத்தில்தான் கொட்டும், அதனால் இங்கே ஜனங்களின் உயிர்நாடி ஏரிதான் என்கிறார். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் உண்டு என்கிறார். கம்பெனிக்கு நவாப் கொடுத்திருந்த ஜாகீர்ப் பகுதியின் வரைபடத்தில் மட்டும் 1,100-க்கு மேற்பட்ட ஏரிகளைத் தானே எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார். அந்த ஜாகீர் என்பது இன்றைய செங்கல்பட்டுச் சீமை. எங்கள் ஊர். எங்கள் ஊர்க் கலங்கலும் மதகும் கரையும் 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒருவரின் பேச்சில் எண்களாக இருந்திருக்கின்றன. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஏரிகளை வெட்டியவர்களையே உண்மையான அரசர்கள் என்றும், பின்னால் வரப்போகிறவர்களையும் தங்கள் பிள்ளைகளாக நினைத்தவர்கள் என்றும் அவர் புகழ்கிறார். அப்புறம் விஷயத்துக்கு வருகிறார். ஏரியைப் பழுதுபார்க்க வேண்டிய பணத்தைக் கடன்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எந்த விளைச்சலிலிருந்து இந்தக் கடனை வசூலிக்கப் போகிறீர்கள்?

பர்க்குக்கு அரசியல் இருந்தது. பிட்டையும் டண்டாஸையும் அடிக்க அது ஒரு வாய்ப்பு. எண்களில் அவர் ஏற்றிச் சொன்னதும் இருக்கலாம். ஆனால் கேட்டது சரியான கேள்வி. ஏரியைக் கொஞ்சமாவது அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு வருடம் வண்டல் எடுக்காமல் விட்டால் ஒன்றும் தெரியாது. பத்து வருடம் விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கரையில் ஒரு எலி வளையை அடைக்காமல் விட்டால் ஐப்பசி மழையில் அந்த இடம்தான் உடையும். மூன்று வருடக் குத்தகைக்கு வந்தவன் வண்டல் எடுப்பானா? கையில் பத்திரம் வைத்திருக்கிற லண்டன்காரர் எலி வளையைப் பார்ப்பாரா? பொது நிதி என்று பெரிய வார்த்தையில் சொல்வது கடைசியில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரும் வருமானத்தில் முதல் பங்கு ஏரிக்கரைக்கா, பத்திரத்துக்கா? அன்று சபை பத்திரத்தின் பக்கம் ஓட்டுப் போட்டது.

அதற்குப் பிறகு நவாபின் கழுத்துச் சுருக்கு இறுகிக்கொண்டே போனது. 1792-இல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் செய்த உடன்படிக்கைப்படி, படைச் செலவுக்காக ஆண்டுக்கு 9 லட்சம் வராகன், கடன்காரர்களுக்காக 6 லட்சத்துக்கு மேல் தனியாக. இந்த உடன்படிக்கையில்தான் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் பொறுப்பை, நவாபின் பேரில், கம்பெனி எடுத்துக்கொண்டது. வசூலான தொகை நவாப் கட்ட வேண்டிய கணக்கில் வரவு வைக்கப்படும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நவாப் காலத்தில் பாளையக்காரர் கப்பம் கட்டுவதும் கட்டாமல் இழுப்பதும் பேரம் பேசுவதும் வழக்கமாக நடந்தது. நவாபுக்கு அவர்களும் தேவை. கம்பெனியின் கலெக்டருக்கு அது தவணை தேதியும் பாக்கித் தொகையும் கொண்ட ஒரு வரி மட்டும்தான். கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு அலையவிட்ட 1798-க்கும், கயத்தாறில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் 16-க்கும் பின்னால் வீரம், அவமானம், நிலம், பகை என்று பல காரணங்கள் உண்டு. கடன் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிஸ்தியைக் கேட்கும் உரிமை கம்பெனிக்கு எந்தக் காகிதத்தின் மூலம் வந்தது என்று பின்னோக்கிப் போனால், 1792, 1785, 1777, 1767 என்று படிப்படியாக இறங்கிச் சேப்பாக்கத்துப் பத்திரங்களில்தான் போய் முட்டும்.

முகம்மது அலி 1795-இல் இறந்தார். மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்தார். அந்த மாதம் முடியும் முன்பே கம்பெனி கர்நாடகத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. புதிய நவாபுக்குப் பட்டமும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களில் நவாப் குடும்பம் திப்புவோடு தொடர்பு வைத்திருந்தது தெரிந்தது என்று காரணம் சொல்லப்பட்டது.

நிலம் கம்பெனிக்கு வந்ததும் கடனும் கம்பெனியின் பொறுப்பில் வந்தது. அப்போதுதான், கடன் தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகு, முதல் தடவையாக உண்மையான விசாரணை நடந்தது. 1805-இல் கர்நாடகக் கடன் ஆணையம் அமைத்தார்கள். லண்டனிலும் சென்னையிலும் ஆணையர்கள் உட்கார்ந்து பத்திரம் பத்திரமாகப் பார்த்தார்கள். 1784-இல் ஒப்புக்கொண்ட பழைய கடனை இந்த ஆணையம் தொடவில்லை. அது விசாரணையே இல்லாமல் பட்டுவாடா ஆகிப்போனது. அதற்குப் பின் முளைத்தவை மட்டும். அப்படியும் வந்து சேர்ந்த கோரிக்கைகளின் மொத்தம் 3 கோடிப் பவுண்டுக்கு மேல். எத்தனையோ கள்ளப் பத்திரம். வேலை முடிய 1830 வாக்கில் ஆயிற்று. செல்லும் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது 30 லட்சம் பவுண்டுக்கும் குறைவு.

பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதே சல்லடையை 1784-இல் போட்டிருந்தால் பழைய கடனில் எவ்வளவு தங்கியிருக்கும்? இருபது வருடம் அந்தக் கடனுக்காக வசூலித்த நெல்லில் எவ்வளவு குடியானவன் குதிரிலேயே இருந்திருக்கும்? தணிக்கைக்காரன் என்ற முறையில் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். கணக்குப் பார்க்கத் தெரியாமல் போகவில்லை. ஆட்கள் இருந்தார்கள், முறை இருந்தது, சட்டத்தில் வரியும் இருந்தது. கொடுக்கிறவன் கம்பெனியாக மாறிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இதே முறை பிற்பாடு இந்தியா முழுமைக்கும் வந்தது. 1833-இன் சட்டப்படி கம்பெனி வியாபாரத்தை நிறுத்தியது. ஆனால் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 10.5 சதவீதம், அதாவது 6,30,000 பவுண்டு, இந்திய வருமானத்திலிருந்து போய்க்கொண்டே இருந்தது. 1857-இன் எழுச்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கணக்கில் கடனாக ஏறியது. 1858-இல் ஆட்சி ராணிக்குப் போனபோது கம்பெனியின் கடன்கள் இந்தியக் கடன் என்று பெயர் மாறின. 1874-இல் பங்குதாரர்களுக்கு 100 பவுண்டுக்கு 200 பவுண்டு என்ற கணக்கில் 1.2 கோடிப் பவுண்டு கொடுத்துக் கம்பெனியைக் கலைத்தார்கள். அதையும் கொடுத்தது இந்திய வரிப்பணம்தான். நவாப் தன் சீமையை இழந்த செலவைத் தானே கொடுத்தார். அவருக்குப் பின் ஒரு நாடே தன்னைப் பிடித்தவர்களுக்கு விலை கொடுத்தது.

பென்ஃபீல்டு கடைசியில் திவாலாகி 1810-இல் பாரிசில் வறுமையில் இறந்தார் என்று படித்தேன். அதில் எனக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. தஞ்சாவூர்ப் பயிரின் பணம் அதற்குள் எத்தனையோ கை மாறிப் போயிருக்கும்.

1855-இல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் பட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. சென்னை அரசே அதை வாங்கிக்கொண்டது. கிரிக்கெட் மைதானத்துக்குப் போகிறவர்கள் வாலாஜா சாலையில் அதைத் தாண்டித்தான் போகிறோம். அரசு அலுவலகங்களுக்குப் பின்னால் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் குவிமாடங்கள் மரங்களுக்கு மேலே கொஞ்சம் தெரியும். 2012 பொங்கல் சமயத்தில் அதில் கலசா மஹால் தீப்பிடித்து எரிந்தது. பிறகு செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். வேலை முடிந்த பிறகு ஒரு நாள் போய் வெளிச் சுவர் ஓரமாக நின்று பார்த்தேன். இந்த அறைகளில் எதில் உட்கார்ந்து 1777-இன் பத்திரங்களை எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே அதைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

எங்கள் வீட்டு நோட்டை 1993-இல் இன்னொரு தடவை மாற்றி எழுதினோம், 24,000-க்கு. 1996-இல் அப்பா ஏரிக்குக் கீழே இருந்த 50 சென்ட் நிலத்தை விற்று 35,000 கொடுத்து முடித்தார். அன்றும் கடன் கொடுத்தவர் நோட்டை நாலாகக் கிழித்துக் கொடுத்தார். இந்தத் தடவை அப்பா அதை அடுப்புக்குக் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தபோது, பட்டாவுக்கு அடியில் ஒரு உறையில் அந்த நாலு துண்டும் இருந்தன. பாதிக் கையெழுத்து ஒரு துண்டிலும் ஸ்டாம்பு இன்னொரு துண்டிலும். சேர்த்து வைத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் தேதி போட்டு, 1987 முதல் கொடுத்த ஒவ்வொரு தொகையையும் எழுதியிருந்தார். கீழே ஒரு கோடு கிழித்து இரண்டு வரி. வாங்கியது 10,000. கொடுத்தது 61,000. நான் மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.